மோர்ஸ் தந்திப் போட்டியும் தஞ்சை மண்ணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, இந்த வருஷம் நீ பேசணும்" என்றார். "வேலையைப் பத்தியா அண்ணே?" என்று கேட்டேன். "வேலையைப் பத்தி எல்லாரும்தான் பேசுறாங்க. நீ ஹாஸ்டல்ல ராத்திரி பூரா டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பியே, அதைப் பத்திப் பேசு" என்றார். சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பேச்சு என்பதால் தூக்கம் வராத விஷயமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். நான் பேசப் போவது 48 மணி நேரம் தூங்காமல் இருக்கும் ஒரு விளையாட்டைப் பற்றி. எனவே பொருத்தம்தான்.

தந்தி என்ற சொல்

தந்தி என்ற சொல்லைக் கேட்டால் இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் அடிவயிறு கலங்கும். கிராமத்தில் தந்திச் சேவகர் சைக்கிளை நிறுத்தி இறங்கினால், என்ன செய்தி என்று படிப்பதற்கு முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். 1850களில் நம் நாட்டில் தொடங்கிய அந்தச் சேவை 2013 ஜூலை 14ஆம் தேதியோடு நின்றது. கடைசி நாளில் ஞாபகார்த்தமாகத் தந்தி கொடுக்க வரிசையில் நின்றவர்களின் படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே தந்தி அலுவலகங்களில் மோர்ஸ் கட்டை போய், டெலிபிரிண்டரும் கணினியும் வந்துவிட்டன. கப்பல்களிலும் 1999 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள் வழியிலான புதிய அபாய அறிவிப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. மோர்ஸ் ஓய்வு பெற்றது.

ஆனால் சொல் போகவில்லை. தஞ்சாவூர் வீணையில் மீட்டுவதும் தந்தி, தபால் ஆபீசில் அடித்ததும் தந்தி, தினமும் காலையில் டீக்கடையில் படிப்பதும் தந்தி. எங்கள் ஊரில் இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே நான் இழுத்துக் கட்டியிருக்கும் செம்புக் கம்பியும் தந்திதான். அந்தக் கம்பியில் மோர்ஸ் இன்றும் ஓய்வு பெறவில்லை.

அமெச்சூர் வானொலி, அல்லது 'ஹாம்' என்பது, மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் பெற்று, சொந்த வானொலி நிலையம் வைத்துக்கொள்ளும் பொழுதுபோக்கு. வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. நம் நாட்டுக்காரர்களுடையது பெரும்பாலும் 'வி யூ' என்று தொடங்கும். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தி கூட ஒரு ஹாம்தான். அவருடைய அழைப்புக்குறி 'வி யூ 2 ஆர் ஜி'.

நம் தமிழகத்துக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா 1921இல் தன் நிலையத்தைத் தொடங்கியதை இந்திய ஹாம் வரலாற்றின் தொடக்கமாகச் சொல்வார்கள். சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரும் நண்பர்களும் 1924இல் மதராஸ் மாகாண ரேடியோ கிளப்பைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோனது. கருவியை மாநகராட்சியிடம் கொடுத்தார்கள். மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. 1938இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. நாலு பேர் ஆசைக்காகத் தொடங்கிய ஒரு கிளப்தான் இதற்கெல்லாம் விதை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பேச்சின் முடிவில் எனக்குத் தேவைப்படும்.

போட்டி என்றால் என்ன?

ஹாம் உலகில் பல போட்டிகள் உண்டு. மிகப் பெரியது, 'சி கியூ வேர்ல்டு வைட்' என்னும் போட்டி. 1948இல் தொடங்கியது. அதன் மோர்ஸ் பகுதி ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியில் நடக்கிறது. நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கி, திங்கட்கிழமை காலை 5.30க்கு முடியும். 48 மணி நேரம். உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் ஒரே சமயத்தில் கீயைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

செய்ய வேண்டியது சுலபம். முடிந்த அளவு அதிகம் பேரோடு, முடிந்த அளவு அதிக நாடுகளோடு தொடர்பு கொள்ள வேண்டும். தொடர்பு என்றால் ஊர்க்கதை பேசுவதல்ல. என் அழைப்புக்குறியை அவர் சரியாக வாங்க வேண்டும், அவருடையதை நான் சரியாக வாங்க வேண்டும். பிறகு இரண்டு எண்கள். முதலாவது, 599 என்ற சிக்னல் மதிப்பீடு. உண்மையில் கரகரவென்று கேட்டாலும் எல்லாரும் 599 என்றே அனுப்புவார்கள். கடிதத்தில் 'நலம், நலமறிய அவா' என்று எழுதுகிறோமே, அது போன்ற மரியாதை. இரண்டாவது எண்தான் நிஜமான செய்தி. அது மண்டல எண். உலகை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நாம் இலங்கை, நேபாளம், வங்கதேசம், மாலத்தீவு ஆகியவற்றோடு சேர்ந்து 22ஆம் மண்டலம். இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும்.

கணக்கு இப்படி: வேறு கண்டத்துக்காரர் என்றால் 3 புள்ளி. நம் கண்டத்திலேயே வேறு நாடு என்றால் 1 புள்ளி. நம் நாட்டுக்காரர் என்றால் சுழி. தஞ்சாவூரிலிருந்து கும்பகோணத்துக்காரரிடம் பேசினால் புண்ணியம் உண்டு, புள்ளி கிடையாது! இந்தக் கூட்டுத்தொகையை, பிடித்த மண்டலங்களும் நாடுகளும் எத்தனையோ அத்தனையால் பெருக்க வேண்டும். வேறு கண்டத்தில் 500 பேரைப் பிடித்தால் 1500 புள்ளி. மண்டலமும் நாடுமாக 200 சேர்ந்தால், மதிப்பெண் 3 லட்சம். ஆறு அலைவரிசைகளில் ஒவ்வொன்றிலும் நாடுகளைத் தனித்தனியாக எண்ணலாம். அதனால்தான், ஏற்கெனவே ஒரு வரிசையில் கிடைத்த நாட்டுக்காரரை அடுத்த வரிசையிலும் தேடிப் போகிறோம்.

இதில் நமக்கு ஒரு சின்ன அதிர்ஷ்டம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் போட்டிக்காரர்கள் ஏராளம். 22ஆம் மண்டலத்தில் குறைவு. அவர்களுக்கு நாம் பெருக்கல் எண். ஆகவே நம்மைத் தேடி வருவார்கள். 'வி யூ' என்று தட்டிவிட்டுக் காதைத் தீட்டினால், ஒரே சமயத்தில் இருபது பேர் மேலே விழுந்து கூப்பிடுவார்கள். சின்ன ஊர்க்காரனுக்கு உலகம் முழுக்க இவ்வளவு கிராக்கி வேறு எந்த விளையாட்டில் கிடைக்கும்?

ஜூன் மாதத்தில் ஜப்பான்காரர்கள் நடத்தும் 'ஆல் ஏஷியன்' போட்டி இன்னொரு வகை. அதில் 599க்குப் பிறகு அனுப்ப வேண்டியது நம் வயது! பெண்கள் விரும்பினால் இரண்டு சுழி அனுப்பிவிடலாம், அவ்வளவு நாகரிகம். மேட்டூர் திறந்த செய்தி வந்து, ஊரில் குறுவைப் பேச்சு ஓடும் சமயத்தில் அது வரும். நான் முதலில் கலந்துகொண்டபோது 24 என்று அனுப்பினேன். இப்போது 37. போன வருடம் ஒரு ஜப்பான்காரர் 88 என்று அனுப்பினார். கை நடுங்கவில்லை, இடைவெளி பிசகவில்லை. கீயிலிருந்து கையை எடுத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

வயலுக்கு நடுவே

என் வேலை சென்னையில். போட்டிக்கு மட்டும் ஊருக்கு வந்துவிடுவேன். மன்னார்குடிச் சாலையில் வடுவூரைத் தாண்டி ஒரு சிற்றூர். நவம்பரில் வடுவூர் ஏரிக்கு வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டு ஓசைகள்.

சென்னை அடுக்குமாடியில் இருந்து இதைச் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். ஆனால் நம் மண்ணில் இருப்பது அங்கே இல்லை. இந்தப் பக்கத்து வண்டல் களிமண் நன்றாக நனைந்திருக்கும்போது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். செங்குத்தாக நிறுத்திய ஆன்டெனாவுக்கு அடியில் அப்படிப்பட்ட தரை இருந்தால், அலை தாழ்வான கோணத்தில் தொலைதூரம் போகும். சம்பா நடவு முடிந்து வயல் முழுக்கத் தண்ணீர் நிற்கும் நவம்பரில்தான் இந்தப் போட்டியும் வருகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் மலை கிடையாது, மறைப்பு கிடையாது. கம்பி கட்டத் தென்னை மரம், கம்பம் நிறுத்த மூங்கில். 7 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 மீட்டர் கம்பி, 14 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 10 மீட்டர். அனுப்பும் சக்தி 100 வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. செலவு எல்லாம் செட்டுக்குத்தான், ஆன்டெனாவுக்கு மண்ணும் மரமும் இலவசம்.

தொல்லையும் உண்டு. பக்கத்து வயல் பம்புசெட் ஓடினால் காதில் இரைச்சல். நல்ல வேளை, மழைக்காலத்தில் மோட்டார் ஓடாது. ஆனால் தூறலில் கரண்டு கம்பத்துப் பீங்கான் பொரியத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையின் இடி, தாழ்ந்த அலைவரிசைகளில் பட்டாசு வெடித்த மாதிரி கேட்கும். நெருங்கி வந்தால் ஆன்டெனாக் கம்பியைச் செட்டிலிருந்து கழற்றி வெளியே போட்டுவிட்டு, புள்ளி போனால் போகிறது என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்த விளையாட்டில் உயிரை வைத்து ஆடக் கூடாது.

சனிக்கிழமை 5.30க்கு இங்கே இன்னும் இருட்டு. 7 மெகாஹெர்ட்ஸில் நள்ளிரவு ஐரோப்பா கேட்கும். விடிந்ததும் அது மெல்ல மங்கும். 21, 28 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறினால் ஜப்பான். அவர்கள் தட்டுவது அச்சடித்தது போல இருக்கும். மதியம் ஒரு மணிக்கு ஐரோப்பாவில் காலை. அப்போது தொடங்கும் கூட்டம், மாட்டுப் பொங்கல் திருவிழாக் கூட்டம். அந்த நேரத்தில்தான் அம்மா சாப்பிடக் கூப்பிடுவார். "பெத்தவ கூப்பிட்டா வரமாட்டே, எவனோ பல்கேரியாக்காரன் கூப்பிட்டா ஓடுறே" என்பது எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் கேட்கும் வசனம். மாலை ஏழு மணிக்கு அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை எட்டரை. அவர்களுடைய அலை வடதுருவப் பக்கமாகச் சுற்றி வருவதால், குளிரில் நடுங்குகிறவன் குரல் மாதிரி ஓசை நடுங்கும். அந்த நடுக்கத்தைக் கேட்டே, எழுத்தைப் பிரிப்பதற்கு முன்பே, ஆள் அமெரிக்கா என்று சொல்லிவிடலாம்.

இதற்கெல்லாம் மேலே சூரியன் இருக்கிறது. சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். புள்ளி கூடினால் உயர் அலைவரிசைகள் திறக்கும். நம் கொடைக்கானல் ஆய்வகம் 1899இல் தொடங்கியது. நூறு ஆண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறது. நான் கீயைத் தொட்ட 2009இல் சூரியன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. 28 மெகாஹெர்ட்ஸில் நாள் முழுக்க வெறும் காற்றுச் சத்தம். 2024இல் உச்சம் வந்தபோது அதே இடத்தில் அலைவரிசை முழுக்க ஆட்கள். கருவி அதே கருவி, கம்பி அதே கம்பி. விவசாயிக்கு ஆற்றுத் தண்ணீர் எப்படியோ, எங்களுக்குச் சூரியன் அப்படி. நாம் திறக்கும் மதகு இல்லை அது.

கேட்டதை எழுது

இந்தக் கல்லூரியில் எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் லேப் உதவியாளர். ராணுவத்தில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். நாங்கள் 'சிக்னல் சார்' என்போம். மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய செட்டும், ஒரு மேசையும், ஏழெட்டு ஸ்டூலும். அவ்வளவுதான் கிளப்.

முதல் நாள் நான் புள்ளியும் கோடுமாக ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கி மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கண்ணால படிக்காத தம்பி. தவில்காரன் சொல்லைப் பார்த்தா வாசிக்கிறான்? காதால புடி" என்றார். திதிதிதா என்றால் 'வி'. திதிதா என்றால் 'யூ'. சொல்கட்டைப் போல வாயால் சொல்லித்தான் படித்தோம். இதில் தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. போட்டியில் நிமிடத்துக்கு 30 சொல் வேகம் சாதாரணம். அந்த வேகத்தில் ஒரு புள்ளியின் நீளம் 40 மில்லி விநாடி, அதாவது விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. எண்ணிப் பார்க்க நேரமே கிடையாது. பட்டியலை மனப்பாடம் செய்தவர்கள் பத்துச் சொல் வேகத்துக்கு மேல் ஏற முடியாமல் திணறுவார்கள். ஓசையாகப் பிடித்தவர்களுக்கு அழைப்புக்குறி முழுவதும் ஒரே சொல்லாகக் காதில் விழும்.

பேச்சை விட மோர்ஸ் ஏன் தூரம் போகிறது என்பதையும் அவர்தான் விளக்கினார். பேச்சுக்குச் சுமார் 2500 ஹெர்ட்ஸ் அகலமான கதவைத் திறக்க வேண்டும். மோர்ஸுக்கு 250 போதும். கதவு பத்தில் ஒரு பங்கு என்றால், உள்ளே வரும் இரைச்சலும் பத்தில் ஒரு பங்கு. அதனால் பேச்சு புரியாத இடத்தில் மோர்ஸ் புரியும்.

ஆனால் அவர் சொன்னதில் எனக்கு இன்றும் காதில் ஒலிப்பது ஒன்றே ஒன்று. "கேட்டதை எழுது. நினைச்சதை எழுதாத. கேக்கலையா, திரும்பக் கேளு." இந்த மூன்று வாக்கியத்தைச் சொல்லத்தான் நான் இங்கே நிற்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால், போட்டியின் உண்மையான பரீட்சை 48 மணி நேரம் முடிந்த பிறகுதான். ஐந்து நாளுக்குள் நம் பதிவேட்டைக் கணினிக் கோப்பாக அனுப்ப வேண்டும். உலகம் முழுக்க வந்த பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். நான் ஒருவரோடு பேசியதாக எழுதியிருந்தால், அவர் பதிவேட்டிலும் நான் இருக்க வேண்டும். அவர் அழைப்புக்குறியில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தொடர்பு போகும். போவதோடு நில்லாமல், கூடுதலாகவும் புள்ளி கழிப்பார்கள். சும்மா விட்டிருந்தால் நஷ்டம் இல்லை. ஊகித்து எழுதினால் நஷ்டம். தெரியாததைத் தெரிந்தது போல எழுதுகிறவனுக்குத் தண்டனை, 'திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்கிறவனுக்கு மூன்று விநாடி தாமதம் மட்டும். இவ்வளவு நேர்மையான விடைத்தாள் திருத்தத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கோப்பை, பரிசுப் பணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு சான்றிதழ் கிடைக்கலாம். நான் உலகப் பட்டியலின் முதல் பக்கத்துக்கு வந்ததுமில்லை. ஆனால் எழுதியதில் எத்தனை சதவீதம் சரி என்று ஒரு அறிக்கை வரும். அந்தத் தாளைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்பேன்.

என் அப்பாவுக்குப் போட்டி விதி ஒன்றும் தெரியாது. ஆனால் இதை ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். மழை ராத்திரியில் வரப்பில் நின்று, எந்தப் பக்கம் தண்ணீர் உடைத்துக்கொண்டு போகிறது என்று சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர் அவர். "சத்தம் கேக்குற பக்கம் போகணும். இங்கதான் ஒடைஞ்சிருக்கும்னு நெனைக்கிற பக்கம் போனா விடிஞ்சிடும்" என்றார்.

இதனால் என்ன பிரயோஜனம்?

நியாயமான கேள்வி. 2004 டிசம்பர் 26 நினைவிருக்கும். நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோன நாள். அன்று அந்தமானில், போர்ட் பிளேரில், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு ஹாம் குழு இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் சார்பில், அரிதான அந்தத் தீவிலிருந்து உலகத்தோடு தொடர்பு கொள்ளும் ஆசையில் போனவர்கள். அலை அடித்தது. தொலைபேசி போனது. வந்த வேலையை விட்டுவிட்டு, தீவில் இருந்தவர்களின் செய்தியை நிலப்பகுதிக்கு அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். விளையாட்டுக்காகக் கொண்டுபோன கருவிதான் அன்று தந்தி ஆபீஸ் ஆனது.

எங்கள் ஊருக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, மன்னார்குடி வட்டாரத்துத் தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது ஊரில் கரண்டும் இல்லை, செல்போனும் இல்லை. என் ஆன்டெனா தாங்கிய மரங்களில் ஒன்று கூட நிற்கவில்லை. ஒரு கார் பேட்டரி, ஒரு சின்ன செட், 5 வாட். கம்பியை மாட்டுக் கொட்டகைக் கம்பத்துக்கும் சாய்ந்த மரத்துக்கும் இடையே ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் மேலே கட்டினேன். உயரமான கம்பி தூர தேசத்துக்கு நல்லது, தாழ்ந்த கம்பி மேல்நோக்கி அனுப்பி முந்நூறு கிலோமீட்டருக்குள் மழையாய்ப் பொழியும். சென்னைக்கு அதுதான் வேண்டும்.

காலை பதினொரு மணி, மாலை நாலு மணி. சென்னையில் இரண்டு ஹாம் நண்பர்கள் காத்திருப்பார்கள். எங்கள் ஊரிலும் பக்கத்து இரண்டு ஊர்களிலும் இருப்பவர்கள், வெளியூரிலும் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு 'நாங்க நல்லா இருக்கோம்' என்று சொல்லச் சொல்லி எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நாலு நாளில் 61 எண்கள். யோசித்துப் பாருங்கள், பெயரில் ஓர் எழுத்து போனால் ஊகித்துக்கொள்ளலாம். போன் நம்பரில் ஓர் எண் போனால் வேறு யாரோ வீட்டில் மணி அடிக்கும். பத்து இலக்கத்தையும் நான் அனுப்ப, அவர்கள் திருப்பி அனுப்ப, நான் சரி என்ற பிறகுதான் அடுத்தது. இடி இரைச்சலில் ஓர் இலக்கம் மறைந்தால், அந்த இலக்கத்தை மட்டும் கேட்பார்கள். 61 வீட்டிலும் மணி அடித்தது. பேட்டரி பலத்துக்கும் அந்த இரைச்சலுக்கும் பேச்சு எடுபட்டிருக்காது. பல நவம்பர்களில் பல்கேரியாக்காரனை விடாமல் கேட்ட காதுதான் அன்றைக்கு உதவியது. அந்த ஆண்டு போட்டி அதற்கு அடுத்த வாரம், நவம்பர் 24, 25இல் நடந்தது. எங்கள் தெருவில் அப்போதும் கரண்டு வரவில்லை. நான் கலந்துகொள்ளவில்லை, வருத்தமும் இல்லை.

மோர்ஸ்தான் நாட்டைக் காக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தமானில் பெரும்பாலும் பேச்சிலேயே செய்தி போனது. அரசும் மின்வாரியத் தொழிலாளர்களும் செய்த வேலைக்கு முன்னால் என் 61 சீட்டு ஒன்றுமே இல்லை. ஆனால் விளையாட்டாகப் பழகியது வினையான நேரத்தில் கைகொடுக்கும் என்பதற்கு நான் கண்ணால் கண்ட சாட்சி.

தம்பி தங்கைகளுக்கு

2003இல் சர்வதேச விதி மாறியது. ஹாம் உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்று எந்த நாடும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்றானது. அமெரிக்கா 2007இல் அதை எடுத்தேவிட்டது. இனி யார் படிப்பார்கள் என்றார்கள். அதற்குப் பிறகும் நவம்பர் கடைசியில் அலைவரிசையில் இடம் கிடைப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. கட்டாயம் போனது, ஆசை நின்றது.

"கம்ப்யூட்டரே மோர்ஸைப் படிக்குமே அண்ணா?" என்று ஒரு தம்பி வாசலில் கேட்டான். படிக்கும். நல்ல சிக்னலை நம்மைவிட வேகமாகவே படிக்கும். இருபது பேர் ஒன்றாகக் கத்தும்போது நடுவில் ஒருவனைப் பிரித்தெடுப்பதில் பழகிய காது இன்னும் சளைக்கவில்லை. அது கூட முக்கியம் இல்லை. இது உங்களுக்கு வேலை வாங்கித் தராது. ஆனால் வேலைக்குப் போன இடத்தில், சைட்டிலிருந்து போனில் வரும் அளவைப் பாதி கேட்டு, மீதியை ஊகித்து எழுதாமல் இருக்கப் பழக்கும். நம் தொழிலில் அந்தப் பழக்கம் எவ்வளவு விலை பெறும் என்று இங்கே இருக்கும் அண்ணன்மார்களைக் கேளுங்கள்.

படிக்க விரும்புகிறவர்கள் தினம் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எழுத்தை ஆரம்பத்திலிருந்தே வேகமான ஓசையில் கேளுங்கள், எழுத்துக்கு நடுவில் மட்டும் இடைவெளி விடுங்கள். இரண்டு எழுத்தில் தொடங்கி, அவை காதில் படிந்த பிறகு மூன்றாவது. நாலைந்து மாதத்தில் அலைவரிசையில் நடப்பது புரியத் தொடங்கும். முதலில் கேட்கப் பழகுங்கள், கேட்கத் தெரிந்து, உரிமமும் வந்த பிறகு அனுப்பினால் போதும்.

இப்போது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சிக்னல் சார் ஓய்வு பெற்றபின் கிளப்புக்குப் பொறுப்பேற்க உரிமம் உள்ள ஆள் இல்லாமல் போய், அந்த மாடியறையில் இன்று பழைய விடைத்தாள் கட்டுகள் இருக்கின்றன. யாரையும் குறை சொல்லவில்லை, ஆள் இல்லாத வீடு அப்படித்தான் ஆகும். முதல்வர் ஐயா அனுமதித்தால் அறையைச் சுத்தம் செய்து கொடுக்கும் செலவு என்னுடையது. என்னிடம் உள்ள இரண்டாவது செட்டையும் கொடுத்துவிடுகிறேன். எனக்கு வேண்டியது மூன்று: ஆசிரியர்களில் ஒருவர் தேர்வு எழுதி உரிமம் எடுக்க முன்வர வேண்டும். மாணவர்கள் பத்துப் பேர் பெயர் கொடுக்க வேண்டும். உரிமம் உள்ள முன்னாள் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை முறை வைத்து வர வேண்டும். முதல் சனிக்கிழமை என்னுடையது.

1924இல் சென்னையில் நாலு பேர் சேர்ந்தார்கள், மூன்று ஆண்டில் பணமில்லாமல் நின்றது. ஆனாலும் அவர்கள் கருவி வீண் போகவில்லை. நம் அறையும் அப்படி இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். பெயர் கொடுக்க விரும்பும் தம்பி தங்கைகள் வாசலில் உள்ள நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். எழுத்துத் தெளிவாக இருக்கட்டும். புரியாவிட்டால் நான் ஊகிக்க மாட்டேன், திரும்பக் கேட்பேன்.